சும்மாடு இறங்கிய பிறகு

நான் கம்பவுண்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முறையாகப் படித்து, பரீட்சை எழுதி, பதிவு செய்த பார்மசிஸ்ட். பெயர் வெங்கிடுசாமி, ஊர் முள்ளுக்குறிச்சி. தினமும் காலையில் பஸ் ஏறி, வளைவுகளில் கண்ணயர்ந்தபடியே கொல்லிமலைக்கு வந்து, ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்து சன்னலுக்குப் பின்னால் உட்காருகிறேன். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. இந்த இருபத்திரண்டு வருடமும் மலை ஜனங்கள் என்னைக் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். திருத்தித் திருத்தி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

எந்த ஊர் நிலையம் என்று மட்டும் கேட்காதீர்கள். நடந்ததில் எங்கள் தப்பு இருக்கிறது, பேரைச் சொல்லி ஊரைக் கெடுக்க எனக்கு இஷ்டமில்லை.

கதை என்னுடையது இல்லை. எங்கள் ஸ்டாஃப் நர்ஸ் கௌசிகாவுடையது. இருபத்தொன்பது வயது. இதே மலையில் வாழவந்தி நாட்டில் மிளகும் மரவள்ளியும் போடுகிற குடும்பத்தில் பிறந்தவள். நாமக்கல்லில் நர்சிங் படித்தாள், சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நாலு வருடம் வேலை பார்த்தாள், பிறகு மலைக்கே வருகிறேன் என்று எங்களிடம் ஒப்பந்த வேலைக்கு வந்து சேர்ந்தாள். ஆள் பார்ப்பதற்குச் சாது. ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடி. வந்த முதல் மாதமே என் மருந்து அலமாரியில் தேதி முடிந்த இருமல் மருந்து ஏழு பாட்டிலைக் கண்டுபிடித்து என் மேசைமேல் வரிசையாக வைத்தவள். அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மறுநாள் அலமாரியை நானே ஒழுங்கு செய்தேன், அவளுக்குத் தெரியாமல்.

எங்கள் நிலையம் ரோட்டோரம் இருக்கிறது, பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே. ஊர்கள் எல்லாம் கீழே பள்ளத்திலும் எதிர்ச் சரிவிலும் இருக்கின்றன. சந்தை நாள் வந்தால் ஜனங்கள் மிளகு, வாழைத்தார், பலாப்பழம், பூசணி என்று தலையில் சுமந்துகொண்டு அரை மணி, முக்கால் மணி ஏறி ரோட்டுக்கு வருவார்கள். பத்தரை மணி பஸ்ஸில் சந்தைக்குப் போக வேண்டும். அதற்குள் அப்படியே ஆஸ்பத்திரியிலும் தலையைக் காட்டி பிரஷர், சர்க்கரை மாத்திரை வாங்கிக்கொள்வார்கள். மாத்திரைக்கென்று தனியாக ஒரு நாள் ஏறி வர இங்கே யாருக்கும் பொழுது கிடையாது.

ஆகவே சந்தை நாள் என்றால் எங்கள் வாசலில் மூட்டைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். மூட்டைதான் வரிசை. ஆள் எங்கே நின்றாலும் சரி, மூட்டை இருக்கிற இடம் அவர் இடம். ஒருத்தர் மூட்டையை இன்னொருத்தர் நகர்த்த மாட்டார்கள், அது இங்கே கட்டுப்பாடு. மூட்டையை இறக்கியதும் வாசலிலேயே கௌசிகா பிரஷர் மிஷினோடு நிற்பாள். பல பேர் தலையில் துணியைச் சுருட்டி வைத்த சும்மாட்டைக்கூட எடுத்திருக்க மாட்டார்கள். அப்படியே கையை நீட்டுவார்கள். அவள் பட்டையைக் கட்டுவாள், எண்ணைச் சொல்லுவாள், டாக்டர் ஜீவானந்தம் எழுதுவார், நான் மாத்திரையைக் கொடுப்பேன். ஒன்றரை மணி நேரத்தில் அறுபது பேர். பஸ்ஸைத் தவறவிட்டவர் ஒருத்தரும் கிடையாது. மாவட்டக் கூட்டத்தில் எங்கள் எண்ணிக்கையைப் பாராட்டினார்கள் என்று டாக்டர் வந்து சொன்னபோது எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. டாக்டர் படிப்பை முடித்து இரண்டு வருடம்தான் ஆகிறது, நல்ல பையன், கூட்டம் என்றால் மட்டும் அவருக்கு உள்ளூர நடுக்கம்.

போன வருடம் ஆடி மாதம் ஒரு சந்தை நாளில் அந்த மஞ்சப்பை வந்தது.

குழிவளவு என்று கீழே ஓர் ஊர். முப்பது வீடு இருக்கும். எங்களிடம் வர முக்கால் மணி நேரம் செங்குத்தாக ஏற வேண்டும். அந்த ஊர் செங்கோடன் என் சன்னலுக்கு நேரே வந்து நின்று, மஞ்சப்பையைப் பலகைமேல் வைத்தார். நிதானமான மனிதர், சாமை விதைக்கிறவர்.

“ஏனுங்க கம்பவுண்டரே, இதெல்லாம் உங்களுதுங்க. எங்களுக்கு வேண்டாமுங்க.”

பையைப் பிரித்தேன். உள்ளே அட்டை அட்டையாகப் பிரஷர் மாத்திரைகள். பதினோரு பேருடையது. நான் என் கையால் கொடுத்தவை.

“என்னய்யா விளையாட்டு இது?” என்றேன்.

“விளையாட்டு இல்லீங்க. எங்கூட்டுக்காரி சென்னம்மா களை வெட்டிட்டு நிமிர்ந்தவ அப்படியே சாஞ்சுட்டா. கல்லுல உழுந்து கை பெரண்டு போச்சுங்க. கண்ணு இருட்டிக்கிட்டு வருதுன்னு ஒரு மாசமாவே சொல்லிட்டிருந்தா. மொதல்ல ஒரு மாத்திரை குடுத்தீங்க. அப்புறம் ரெண்டுன்னீங்க. அப்புறம் இன்னொரு நெறத்துல ஒண்ணு. நிறுத்தி மூணு வாரம் ஆச்சு, இப்ப தலை சுத்தறதில்லை. ஊரே பார்த்துச்சுங்க. ஒருத்தரும் இனி போடறாப்புல இல்லை.”

எனக்குக் கோபம் வந்தால் முன்பின் தெரியாது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் மனைவி என்னைப் பார்த்தே சொல்லுவாள். “படிச்ச டாக்டரைவிட உங்க ஊருக்குத் தெரியுமோ? நாளைக்குக் கையும் காலும் இழுத்துக்கிட்டா இந்தச் சன்னலுக்குத்தான் தூக்கிட்டு வருவீங்க” என்று கத்தினேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். செங்கோடன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

கௌசிகா அந்த முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்புச்சி, மேல ஏறி வந்து எத்தனை நேரமாச்சுங்க?” என்று அவரிடம் கேட்டாள்.

“இப்பத்தான் கண்ணு. மூட்டையை எறக்கினேன், இங்க வந்து நின்னேன்.”

அவள் பட்டையைக் கட்டினாள். நூற்று எழுபதுக்கு நூறு. பிறகு அவரை உள்ளே கூட்டிப்போய் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். பேச வேண்டாம், சும்மா உட்காருங்கள் என்றாள். வெளியே வரிசை முணுமுணுத்தது. பத்து நிமிடம் கழித்து மறுபடி கட்டினாள். நூற்று முப்பத்தெட்டுக்கு எண்பத்தாறு. அவருமே மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆனவர்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

“மிஷின் கெட்டுப் போயிருக்கும்” என்றேன் நான்.

“அப்படீன்னா உங்களுக்குப் பார்க்கறேன், வாங்கண்ணா” என்று என் கையைப் பிடித்து நீட்ட வைத்தாள். கத்திய சூடு எனக்கு இன்னும் ஆறவில்லை. நூற்று அறுபத்திரண்டு. என்னையும் செங்கோடன் பக்கத்தில் உட்கார வைத்தாள். கொஞ்ச நேரம் முன்னால் நான் திட்டிய மனிதரின் பக்கத்தில் வாய் பேசாமல் பத்து நிமிடம் உட்காருவது எத்தனை சங்கடம் என்று எனக்குத்தான் தெரியும். முடிவில் நூற்று முப்பது. மிஷின் கெடவில்லை.

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அவள் அழுதாள்.

“நான் இந்த மலையில பொறந்தவண்ணா. பத்து வயசுல பலாப்பழம் சுமந்துக்கிட்டு சந்தைக்கு ஏறியிருக்கேன். அந்த மூச்சு எப்படி அடிக்கும்னு எனக்குத் தெரியாதா? இப்ப ஸ்கூட்டியில வர்றேன், மறந்து போச்சு. உட்கார வெச்சுப் பார்க்கணும்னு மொத வருசப் பாடம். பஸ்ஸை விட்டுடக் கூடாதேன்னு, பாவம்னு, வந்ததும் வராததுமா கட்டிட்டேன். சென்னம்மா கைல நாலு தடவையும் நான்தான் கட்டினேன்.”

“ஏறி வந்த மூச்சுக்கு மாத்திரை குடுத்திருக்கோம்” என்றேன். கொடுத்த கை என்னுடையது.

அதைவிடப் பெரிய கவலை அவளுக்கு இருந்தது. சென்னம்மாளுக்கு முதன்முதலில் அளந்ததே ஒரு முகாமில், நிதானமாக உட்கார வைத்து. அன்றைக்கே நூற்று ஐம்பத்தாறு இருந்தது. அதாவது நோய் உண்மை, மூன்று மாத்திரைதான் பொய். ஒன்று வேண்டியவளுக்கு மூன்று கொடுத்தோம், இப்போது அவள் அந்த ஒன்றும் இல்லாமல் இருக்கிறாள். செங்கோடனின் அண்ணன் ஐம்பது வயதில் பக்கவாதம் வந்து படுத்தவர், அது ஊருக்கே தெரியும். இவளும் அப்படி விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதே கௌசிகாவின் வாயில் திரும்பத் திரும்ப வந்தது.

மறுநாள் டாக்டரிடம் போனோம். அவள் இரண்டு எண்களையும் எழுதிக் காட்டினாள். இனி உட்கார வைத்து, மூச்சு அடங்கிய பிறகுதான் அளக்க வேண்டும், குழிவளவுக்கு நேரில் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்றாள்.

ஜீவானந்தம் நெற்றியைத் தேய்த்தார். “சிஸ்டர், அப்படிப் பார்த்தா அறுபது பேர் முப்பது ஆயிடும். ரிவ்யூவில நான் என்ன சொல்றது? போய்ப் பாருங்க, டோஸைக் குறைச்சிருக்கோம்னு சொல்லுங்க. நம்ம தப்புன்னு மட்டும் சொல்லாதீங்க. பெட்டிஷன் போட்டுட்டா உங்க ஒப்பந்தமே போயிடும்.”

“தப்புன்னு சொல்லாம எப்படிங்க சார் மறுபடி மாத்திரையை வாயில போடச் சொல்றது?” என்றாள்.

அவர் போக வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குழிவளவுக்கு இறங்கினோம். நான் எதற்குப் போனேன்? வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் போனேன். ஆனால் கத்தியவன் நான், அவளைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை. இறங்குவதற்கே என் முழங்கால் அழுதது.

சென்னம்மாள் வாசலில் மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயது, மெலிந்த தேகம். இடது கையில் துணிக்கட்டு. எங்களைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள், எழுந்திருக்கவில்லை.

“மாத்திரை குடுக்க வந்தீங்கன்னா அப்படியே திரும்பிக்கங்க” என்றாள்.

“மாத்திரை கொண்டு வரலீங்க. ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம்” என்றாள் கௌசிகா. பக்கத்து வீட்டு ஆட்கள் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். டாக்டர் சொன்னதை நினைவுபடுத்த நான் மெல்ல இருமினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நீங்க உழுந்ததுக்கு நாங்கதான் காரணமுங்க. சுமை தூக்கிட்டு ஏறி வந்த மூச்சு அடங்கறதுக்குள்ள அளந்து, அதுக்கு மாத்திரையை ஏத்திக் குடுத்துட்டோம். அளந்தது நான். மன்னிச்சுக்கங்க.”

ஒரு கோழி கிழங்குத் தோலைக் கிளறிக்கொண்டிருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து இப்படி ஒரு வார்த்தை இந்த ஊரில் விழுந்ததில்லை, நானும் என் வேலைக் காலத்தில் கேட்டதில்லை. எனக்கு அவளிடம் கோபமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அதற்குள் என் வாய் தானாகத் திறந்தது. “எடுத்துக் குடுத்தது நானுங்க. ஏன் ஏறிக்கிட்டே போகுதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேட்கலை.”

சென்னம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “கம்பவுண்டருக்கு இப்படியும் பேச வருமா?” என்றாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

பிறகு அவள் கௌசிகாவைக் கேட்டாள். “அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லைங்கறயா கண்ணு?”

“அது அளந்தாத்தான் தெரியுமுங்க.”

“இப்பக் கட்டிப் பாரு. உக்காந்துதானே இருக்கேன்.”

அடிபடாத வலது கையை நீட்டினாள். நூற்று ஐம்பத்தெட்டுக்குத் தொண்ணூற்றாறு. கௌசிகா எண்ணை மறைக்காமல் சொன்னாள். “இது ஏறி வந்த மூச்சு இல்லீங்க, இது உங்க ஒடம்போடது. இதுக்கு ஒரு மாத்திரை வேணும். மூணு வேண்டாம், ஒண்ணு.”

சென்னம்மாள் கத்தியை எடுத்து மறுபடி கிழங்கைச் சீவ ஆரம்பித்தாள். ஒரு கிழங்கு முடிந்ததும், “இன்னொருக்கா அங்க வந்தே பார்க்கறேன். உக்கார எடம் குடுப்பீங்களா?” என்றாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. நாங்கள் ஏறி வந்தோம். நான் வழியில் நாலு தடவை நின்றேன், நாலு தடவையும் அவள் சிரித்தாள்.

சந்தை நாளுக்கு நாலு நாள் இருந்தது. கௌசிகா பிரஷர் மிஷினை வாசலிலிருந்து எடுத்து, கட்டடத்தின் கடைசி அறைக்குக் கொண்டுபோனாள். பள்ளிக்கூடத்தில் கேட்டு இரண்டு பழைய பெஞ்சு வாங்கி அந்த அறைக்கு முன்னால் போட்டாள். மூட்டை வரிசை அப்படியே இருக்கட்டும், மூட்டை இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆள் வந்து உட்காரலாம் என்றாள். அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. தலையில் சும்மாடு இருக்கிறவரைக்கும் யாருக்கும் அளப்பதில்லை. சும்மாட்டைப் பிரித்து மடியில் போட்டு உட்கார வேண்டும்.

“சும்மா உட்காரச் சொன்னா, நம்மளைக் கவனிக்கலைன்னு எந்திரிச்சுப் போயிருவாங்க” என்றேன்.

“தெரியுமுங்க. அதுக்குத்தான் நீங்க சன்னலை உட்டு வெளிய வரணும். பெஞ்சுல அவங்க பக்கத்துல உக்காந்து, போன மாச மாத்திரையைப் போட்டாங்களா, மிச்சம் எத்தனை, தலை சுத்துதா, எல்லாம் கேளுங்க. நீங்க கேட்டு முடிக்கறதுக்குள்ள மூச்சு அடங்கிரும். கத்தாம கேக்கணும்.”

கடைசி வார்த்தையை அவள் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

சந்தை நாளும் வந்தது. முதல் ஒரு மணி நேரம் பெரிய கூத்து. உட்கார்ந்தவர்கள் எழுந்தார்கள், எழுந்தவர்கள் கதவை இடித்தார்கள். “எப்பவும் வந்ததும் பாப்பீங்க, இன்னிக்கு என்னங்க புதுசா?” என்று சண்டை. ஏழெட்டுப் பேர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கே போய்விட்டார்கள். பத்து மணிக்குப் பதினைந்து பேரைத்தான் பார்த்திருந்தோம். டாக்டர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். குழிவளவிலிருந்து ஒருவரும் வரவில்லை. கௌசிகா ஒவ்வொரு தடவையும் வாசலைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

பத்தே கால் இருக்கும். சரிவிலிருந்து செங்கோடன் தலை தெரிந்தது, அதற்குப் பின்னால் சென்னம்மாள். கை சரியாகாதவள் ஒரு சிறிய பூசணியை மட்டும் தலையில் வைத்திருந்தாள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் ஏழு பேர். எண்ணிப் பார்த்தேன், மொத்தம் ஒன்பது. பதினொன்றில் இரண்டு பேர் வரவில்லை.

சென்னம்மாள் பூசணியை வரிசையின் கடைசியில் வைத்தாள். பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். தலையிலிருந்து சும்மாட்டை எடுத்து, உதறி, மடித்து மடியில் போட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்க வேண்டியதைக் கேட்டேன், கத்தாமல்.

அந்த நேரம் பார்த்துத்தான் பஸ் வந்து ஹாரன் அடித்தது.

பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் உடம்பு துடித்தது. ஒரு ஆள் எழுந்தேவிட்டார். கௌசிகா கதவருகே வந்து நின்றாள். போகாதீர்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அந்தப் பூசணியும் வாழைத்தாரும் அவர்களுடைய ஒரு வாரப் பாடு, அதை அவளைவிட யாருக்குத் தெரியும்? மறுபடி ஹாரன் அடித்தது.

“உக்காருங்க எல்லாரும்” என்றாள் சென்னம்மாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. “அவசரத்துல அளந்து நான் உழுந்தது போதும். அடுத்த வண்டி பன்னண்டு மணிக்கு இருக்கு. சந்தை எங்கயும் ஓடிப் போயிராது. மூச்சு அடங்கட்டும்.”

எழுந்த ஆள் உட்கார்ந்தார். பஸ் போய்விட்டது. வாசலில் மூட்டைகள் வரிசை கலையாமல் அப்படியே இருந்தன.

சென்னம்மாளுக்கு நூற்று ஐம்பத்திரண்டு. டாக்டர் தாமே எழுந்து பெஞ்சுவரைக்கும் வந்து, “டோஸ் எழுதினது நானுங்கம்மா, இனி இப்படி நடக்காது” என்று சொல்லி, ஒரே ஒரு மாத்திரை எழுதினார். அவர் காது சிவந்திருந்தது. அன்றைய கணக்கு முப்பத்திநாலு பேர். கூட்டத்தில் எண்ணிக்கை ஏன் பாதியானது என்று கேட்டு அவரைக் காய்ச்சினார்களாம். மூச்சு அடங்கிய பிறகு அளக்கிறோம், அதனால் பாதி என்று சொன்னாராம். இரண்டு மாதத்தில் எண்ணிக்கை ஐம்பதுக்கு வந்தது. ஆனால் மாத்திரை செலவு குறைந்தது, அதை என் இருப்புப் பதிவேடு சொல்லும். வராத இரண்டு பேரில் ஒருத்தர் தையில் வந்தார். இன்னொருத்தர் இன்னும் வரவில்லை. கௌசிகா விடுகிற ஆள் இல்லை, மாதத்துக்கு ஒரு தடவை இறங்கிப் போகிறாள். அவள் ஒப்பந்தம் இன்னும் ஒப்பந்தமாகத்தான் இருக்கிறது, அதற்கு நான் யாரைத் திட்டுவது?

போன வாரம் சந்தை நாளில் என் பஸ் வழியில் பஞ்சர். கடைசி அரை மைல் நடந்தே ஏறினேன். வேர்த்து விறுவிறுத்து உள்ளே ஓடி, சாவியை எடுத்துச் சன்னலைத் திறக்கப் போனேன். பெஞ்சு நிறைய ஆள். எல்லோர் மடியிலும் சும்மாடு. நடுவில் சென்னம்மாள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

“கம்பவுண்டரே, ஏறி வந்திருக்கீங்க. மொதல்ல செத்த உக்காருங்க. அந்த மூச்சோட எண்ணி மாத்திரையை மாத்திக் குடுத்துராதீங்க.”

கம்பவுண்டர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.